நேர்த்திக்கு எல்லையில்லை, காணிக்கு உண்டு: வன்னியில் சமயங்களும் அவற்றின் மனிதரும்

2019 மார்ச் 3 ஆம் திகதி, மகா சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னார்ப் பெருவீதியிலிருந்து திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் மாந்தைச் சந்தியில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்த வரவேற்பு வளைவைக் கத்தோலிக்கர் குழுவொன்று பிடுங்கி வீழ்த்தியது. சந்தியை ஒட்டித் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் சைவக் கோயிலின் வளைவு நிரந்தரமாக எழுவதை அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் விரும்பவில்லை. நந்திக்கொடி மிதிபடும் காணொளி சில மணித்தியாலங்களில் உலகெங்கும் பரவியது. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே பதுங்குகுழியில் ஒடுங்கிக் கிடந்த இரு சமூகத்தவர், ஓர் இரும்பு வளைவுக்காகக் கைகலந்ததைப் பார்த்தவர்கள் திகைத்துப் போயினர். வளைவு நெடுங்காலமாக அங்கே நின்றது என்பது சைவர்களின் வாதம். ஆலயத்துக்கு மிக அண்மையில், தங்களைக் கலந்துகொள்ளாமல் அமைக்கப்படுகிறது என்பது மறுதரப்பின் வாதம். விடயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அந்த நாட்களில் அடிக்கடி கேட்ட விளக்கம், சமயம் நல்லது, சில மனிதர்கள்தாம் பிழை செய்துவிட்டார்கள் என்பதாகும். இதைச் சொல்லாத சமூகம் வன்னியில் இல்லை. ஆனால் ஒவ்வொரு சமூகமும் இதைத் தனக்கு மட்டுமே சொல்லிக்கொள்கிறது. நம்மவர் செய்தால் அது சில விஷமிகளின் வேலை. மற்றவர் செய்தால் அது அவர்களுடைய சமயத்தின் இயல்பு. வன்னியின் சமய உறவுகளை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் முதலில் இந்த இரட்டைக் கணக்கைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. மனிதப் பிழைகள் சமயச் சமூகங்களுக்குள் தற்செயலாக நுழைவதில்லை. அவை நுழையும் வாசல்கள் உண்டு. காணி, எண்ணிக்கை, நினைவு, தூய்மை, அரச அதிகாரம் ஆகியவை அந்த வாசல்களில் முக்கியமானவை.

நினைவிலிருந்து தொடங்கலாம். மன்னார்க் கத்தோலிக்கரின் நினைவு 1544 ஆம் ஆண்டுக்குப் போகிறது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். அவர்கள் இன்றும் மறைசாட்சிகளாக நினைவுகூரப்படுகிறார்கள். சைவர்களின் நினைவோ, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அதே நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் தரைமட்டமாக்கப்பட்டதைப் பற்றியது. அந்தத் தலத்தை மீட்டுக் கட்ட வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872 இல் எழுதினார். அதன் பின்னரும் ஒரு தலைமுறைக் காலம் உழைத்தே சைவர்கள் அங்கே மீண்டும் ஒரு கோயிலை எழுப்பினர். ஒரே கடற்கரையில், ஒரே நூற்றாண்டில் நடந்த இவ்விரு அழிவுகளையும் ஒருசேரச் சொல்லிக் கேட்பது அரிது. மறைசாட்சிகளின் விழாவில் திருக்கேதீச்சரம் பேசப்படுவதில்லை. திருக்கேதீச்சரத்தின் வரலாற்றில் அந்த அறுநூறு பேரும் வருவதில்லை. சங்கிலியின் செயலில் சமயக் கோபத்தோடு போர்த்துக்கேய அரசியல் பற்றிய அச்சமும் இருந்தது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததில் பக்தியோடு படைத்தேவையும் கொள்ளையும் இருந்தன. இவற்றை ஆராயும் பொறுமை நினைவுக்குக் கிடையாது. தன் காயத்தை மட்டும் எண்ணுவதே அதன் வழக்கம்.

இந்த வரலாற்றின் அடுத்த திருப்பத்தில்தான் வன்னிக் காடு உள்ளே வருகிறது. 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். ஒரு கிறிஸ்தவ ஆட்சி மற்றொரு கிறிஸ்தவப் பிரிவை வேட்டையாடிய காலம் அது. மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு சில குடும்பங்கள் 1670 அளவில் மருதமடுக் காட்டுக்குள் போயின. சைவக் குடிகள் வாழ்ந்த, வன்னிமைகள் எனப்பட்ட சிற்றரசர்களின் செல்வாக்குக்குட்பட்ட அந்தக் காடு அவர்களுக்கு இடம் கொடுத்தது. மறைந்து திரிந்த கத்தோலிக்கருக்குக் குருவாக 1687 இல் இலங்கைக்கு வந்தவர் ஜோசப் வாஸ். 2015 ஜனவரி 14 ஆம் திகதி காலையில் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்தார். வந்திருந்த கூட்டத்தில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் நிறையவே இருந்தனர்.

மடுவுக்கு யார் போகிறார்கள் என்பதும் ஏன் போகிறார்கள் என்பதும் வன்னியின் சகிப்பை விளக்கும் நல்ல சான்றுகள். ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் தமிழரும் சிங்களவருமான கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் போகின்றனர். மடு மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைத்தால் பாம்பு தீண்டாது, தீண்டினாலும் விஷம் ஏறாது என்ற நம்பிக்கை பழையது. அதே அச்சத்தோடு அதே கமக்காரன் புளியம்பொக்கணை நாகதம்பிரானிடமும் புதூர் நாகதம்பிரானிடமும் போகிறான். இருட்டில் வயலுக்கு நீர் பாய்ச்சப் போகிறவனுக்குப் பாம்புதான் பயம். அவன் கடவுளரின் வம்சாவளியை விசாரிப்பதில்லை. முறிகண்டிப் பிள்ளையாரும் இப்படித்தான். கண்டி வீதியில் அந்த இடத்தைக் கடக்கும் வாகனம், சாரதி எந்தச் சமயத்தவராயினும், நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவது வழக்கம். சீருடை அணிந்த சிங்களச் சிப்பாய்களும் அங்கே தேங்காய் உடைத்திருக்கிறார்கள். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரியும் கண்ணகி அம்மனைச் சிங்களவர் பத்தினித் தெய்வமாக அறிவர்.

இதைப் பார்த்துவிட்டு வன்னி மக்கள் இயல்பிலேயே சமய நல்லிணக்கம் உடையவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் இந்தச் சகிப்பின் அடித்தளம் நேர்த்தி. பிள்ளைக்குச் சுகம் வேண்டும், மழை வேண்டும், காணாமற்போனவர் திரும்ப வேண்டும் என்று கேட்பவர், கொடுக்கக்கூடிய எவரிடமும் கேட்பார். நேர்த்தி வைப்பவருக்குக் கோயிலின் நிர்வாகத்தில் பங்கு வேண்டியதில்லை, வீதியும் வேண்டியதில்லை, வந்து வணங்கிவிட்டுப் போய்விடுவார். மற்றச் சமயத்தவர் விருந்தினராக வரும்வரை எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். அவர் அயலில் காணி வாங்கி, கட்டடம் எழுப்பி, ஒலிபெருக்கி பூட்டும்போதே சகிப்பு உண்மையில் சோதிக்கப்படுகிறது. மடுத் திருவிழாவின் கூட்டத்தை வைத்து மாந்தைச் சந்தியை அளக்க முடியாமற்போனது இதனால்தான்.

சமய அறிவு கூடினால் சகிப்பும் கூடும் என்ற நம்பிக்கையும் வன்னியில் பொய்த்திருக்கிறது. கண்ணகி வழிபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகமம் சாராத வழிபாடுகளைக் களைந்து சைவத்தைத் தூய்மைப்படுத்த விரும்பிய நாவலர், கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதென்று கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் நாளடைவில் வேறு அம்மன்களின் பெயரைப் பெற்றன. அந்தச் சீர்திருத்தம் அவ்வளவாக எட்டாத வன்னியிலும் மட்டக்களப்பிலும் கண்ணகி கண்ணகியாகவே இருந்தாள். சிங்களவரோடு பகிரக்கூடிய ஒரு தெய்வமும் அதனால் எஞ்சியது. முஸ்லிம்களிடையே தர்கா வழிபாட்டைப் பித்அத், அதாவது மார்க்கத்தில் இல்லாத புதுமை, என்று ஒதுக்கிய இயக்கங்கள் நாட்டின் பல பகுதிகளில் செய்ததும் இதைப் போன்றதே. முன்னர் சைவரும் நேர்த்தி வைத்த அவ்லியாக்களின், அதாவது இறைநேசர்களின், அடக்கத்தலங்களை அவை முஸ்லிம்களுக்கே அந்நியமாக்கின. பெந்தெகொஸ்தே சபைகள் கத்தோலிக்கரின் சொரூபங்களையும் சைவரின் மூர்த்திகளையும் ஒரே வாக்கியத்தில் விக்கிரகங்கள் என்று தள்ளுகின்றன. சீர்திருத்தக்காரர்கள் பலர் நேர்மையானவர்கள். நாவலரின் கல்விப் பணி இல்லாமல் ஈழத்துச் சைவம் என்னவாகியிருக்கும் என்பதும் யோசிக்க வேண்டியதே. எனினும் ஒரு சமயம் தன் வேலியைச் சீராக அடைத்துக்கொள்ளும்போது, அயலவர் வந்துபோன ஒற்றையடிப்பாதையும் சேர்ந்தே அடைபடுகிறது.

1990 ஒக்டோபரில் நடந்ததைச் சமயப் பிணக்கு என்று சொல்லத் தமிழர்கள் பலர் தயங்குவர். வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பகுதிக் கிராமங்கள், முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய ஊர்களின் மக்கள், வீட்டையும் வயலையும் நகையையும் விட்டுவிட்டுப் புத்தளத்தின் முகாம்களுக்குப் போயினர். கட்டளையிட்டது ஆயுதம் தாங்கிய ஓர் அமைப்பு. கோயிலோ தேவாலயமோ இல்லை. அந்த அமைப்பு தன்னை மதச்சார்பற்றதென்றும் சொல்லிக்கொண்டது. ஆயினும் யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்று பிரித்த கோடு சமயத்தின் வழியாகவே சென்றது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், வேறு இறைவணக்கம் உடையவர்கள் என்பதால் சந்தேகத்துக்குரியவர்களாகினர். அயலவர் அழுததையும் சிலர் போராளிகளிடம் மன்றாடியதையும் வெளியேற்றப்பட்டவர்கள் நன்றியோடு சொல்வதுண்டு. வெற்று வீடுகளின் கதவும் ஓடும் பின்னர் எங்கே போயின என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகச் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறென்று ஏற்று மன்னிப்புக் கோரினார். அது முக்கியமான ஒரு சொல். ஆனால் அமைப்பு மன்னிப்புக் கேட்டதால் அயல் கேட்டதாகிவிடாது. போருக்குப் பின்னர் முஸ்லிம்கள் திரும்பியபோது, இருபதாண்டுக்குள் குடும்பங்கள் பெருகியிருந்தன. பழைய காணிகளில் சில காடாகி வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் போயிருந்தன. சிலவற்றில் வேறு ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. முள்ளியவளையில் முஸ்லிம்களுக்குக் காணி ஒதுக்கக் காடு துப்புரவாக்கப்பட்டபோது தமிழர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். காணியற்ற தமிழ்க் குடும்பங்களும் அப்போது இருந்ததால் அந்தக் கோபத்தில் நியாயம் முற்றாக இல்லாமல் இல்லை. முஸ்லிம்கள் தங்களுடைய அரசியல்வாதிகளின் செல்வாக்கினால் எல்லாவற்றையும் பெறுகிறார்கள் என்ற பேச்சும் பரவியது. அமைச்சரவையில் இடம் பிடித்த எந்தச் சமூகத் தலைமையும் தன் ஆட்களைக் கவனிப்பது இந்த நாட்டின் பொதுநோய் என்பதை அந்தப் பேச்சு கணக்கில் எடுக்கவில்லை. அதே வேளையில், பாதிக்கப்பட்ட தங்கள் நிலையை எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாக வைத்த முஸ்லிம் அரசியல், தமிழ் அயலவரின் இழப்பை விசாரிக்க மறந்தது என்பதும் உண்மை.

2012 இல் மன்னார் நகரில் வெடித்த உப்புக்குளம் விவகாரம் இதற்கு நேரான எடுத்துக்காட்டு. போரால் இடம்பெயர்ந்த விடத்தல்தீவுக் கடற்றொழிலாளர், பெரும்பாலும் கத்தோலிக்கர், உப்புக்குளத்து இறங்குதுறையைப் பயன்படுத்திவந்தனர். திரும்பிவந்த முஸ்லிம் கடற்றொழிலாளர் அது தங்களுடையதென்றனர். இரு பக்கத்திலும் அகதிகள், இரு பக்கத்திலும் வலையும் கடனும். வள்ளம் எங்கே கட்டுவது என்ற கேள்விதான் தொடக்கம். நீதவானின் கட்டளை ஒரு தரப்புக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் மன்னார் நீதிமன்றக் கட்டடமே கல்லெறிக்கு இலக்காயிற்று. மூன்று நாள் கழித்துப் பேசியவர்களில் இறங்குதுறையைப் பற்றிப் பேசியோர் குறைவு. முஸ்லிம்கள் இப்படித்தான், கிறிஸ்தவர்கள் இப்படித்தான் என்ற பேச்சே மிஞ்சியது. தொழிற்பிணக்கொன்று சமயப் பிணக்காக மாற அவ்வளவு காலம்தான் தேவைப்படுகிறது.

எண்ணிக்கை பற்றிய அச்சம் மன்னாரில் தனி வடிவம் எடுக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அந்த மாவட்டத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர் கத்தோலிக்கர். இலங்கையில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள மாவட்டம் அது ஒன்றே. நாட்டளவில் சிறுபான்மையினராகிய கத்தோலிக்கர் அங்கே பெரும்பான்மை. வட மாகாணத்தில் பெரும்பான்மையினராகிய சைவர்கள் அங்கே சிறுபான்மை. இருவரும் சேர்ந்து தமிழர் என்று எண்ணப்படும்போது முஸ்லிம்கள் சிறுபான்மை. எல்லோரையும் கொழும்பிலிருந்து பார்த்தால் எல்லோருமே சிறுபான்மை. அவரவர் தமக்குச் சாதகமான வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு நாங்கள் நசுக்கப்படுகிறோம் என்கிறார்கள். சொல்பவர் பொய் சொல்வதில்லை. தான் பெரும்பான்மையாக இருக்கும் வரைபடத்தை மட்டும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுகிறார்.

போருக்குப் பின்னரான மதமாற்றச் சர்ச்சையில் இந்த அச்சம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2009 இற்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மீள்குடியேற்றக் கிராமங்களில் சுயாதீனக் கிறிஸ்தவச் சபைகள் பெருகின. 2016 ஒக்டோபரில் வவுனியாவில் மறவன்புலவு சச்சிதானந்தன் சிவசேனை என்ற அமைப்பைத் தொடங்கியபோது முன்வைத்த காரணங்களில் மதமாற்றமும் ஒன்று. பால்மாவுக்கும் கூரைத் தகரத்துக்கும் மதம் மாறுகிறார்கள் என்பது சைவ மேடைகளின் வாடிக்கையான வசனம். ஏழையின் நம்பிக்கைக்கு இவ்வளவு மலிவான விலை போடுவது அவமதிப்பென்று அந்த மேடைகளுக்கு ஏனோ தோன்றுவதில்லை. கணவனை இழந்தவள், பிள்ளையைக் காணாமற்போகக் கொடுத்தவள், போரில் அவயவம் இழந்தவன் ஆகியோரின் வீட்டுக்கு வாரந்தோறும் வந்து, பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் அமர்ந்து ஜெபித்தவர் பெரும்பாலும் அந்தச் சிறுசபையின் போதகராகவே இருந்தார். கோயில் நிர்வாகம் அப்போது கும்பாபிஷேகத்துக்கு வெளிநாட்டுப் பணம் திரட்டிக்கொண்டிருந்தது.

அதோடு சாதியும் இருக்கிறது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் இன வன்முறைகளுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களை, காடு வெட்டவும் எல்லையில் நிற்கவும் வரவேற்ற சமூகம், கோயில் பரிபாலன சபையில் அமரவைக்க அதே அளவு விரும்பியதில்லை. 2018 இல் தென்மராட்சியின் வரணியில், ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் தொட்டுவிடக் கூடாதென்று தேரை மண்வெட்டும் இயந்திரத்தால் இழுத்தார்களே, அது வன்னியின் வாசலில்தான் நடந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. சட்டத்துக்கு அறுபது வயதான பின்னரும் வடத்தைக் காக்க இயந்திரம் கொண்டுவரும் சமூகம், மதம் மாறிப் போனவனை மட்டும் நன்றிகெட்டவன் என்கிறது.

இதற்காகச் சபைகளுக்கு நற்சான்று கொடுக்க வேண்டியதில்லை. முழு ஊரும் பேயை வணங்குகிறது என்று ஒலிபெருக்கியில் பிரசங்கிப்பது ஊருக்கு அடிப்பதுதான். இறந்த தந்தையின் கிரியையில் மகன் கலந்துகொள்ளக் கூடாதென்று தடுக்கும் போதகர், அந்தக் குடும்பத்தைச் சாகும்வரை பிரிக்கிறார். மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்று நோயாளியிடம் சொல்வதும், தகரக் கொட்டிலில் வாழ்பவரிடம் தசமபாகம் கேட்பதும் விசுவாசத்தின் பெயரால் செய்யப்படும் கொடுமைகள். சிறுசபைகளில் பலவற்றுக்கு மேலே கேட்பார் இல்லாததால் போதகரின் குணமே சபையின் குணமாகிவிடுகிறது. கத்தோலிக்கக் குருமாரும் இச்சபைகளைச் சைவர்களுக்குச் சற்றும் குறையாத எரிச்சலோடு பார்க்கிறார்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.

இந்த எரிச்சலை அரசு பயன்படுத்தும் விதமும் கவனிக்கத்தக்கது. அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10 ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கும் சுதந்திரத்தை எல்லோருக்கும் கொடுக்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமை அந்தச் சுதந்திரத்துள் அடங்காது என்று 2003 இல் உயர் நீதிமன்றம் கருதியது. புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி வேண்டுமென்ற 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டிப் பொலிசார் சிறுசபைகளை மூடச் சொல்வதுண்டு. அயலில் இருக்கும் தகரக் கொட்டில் சபையை மூடுவதற்கு இந்தச் சுற்றறிக்கையைத் துணைக்கழைக்கும் சைவர், மலையுச்சியில் தனது கோயிலுக்கு எதிராக அதே அரச இயந்திரம் வரும்போது எதைத் துணைக்கழைப்பார் என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும்.

மலையுச்சி என்றது முல்லைத்தீவின் குருந்தூர்மலையை. ஆதிசிவன் ஐயனார் வழிபாடு நடந்த அந்த இடத்தில் 2021 ஜனவரியில் தொல்பொருள் திணைக்களத்தின் அகழ்வு, அமைச்சர் ஒருவரின் முன்னிலையில், படையினர் சூழ, பிக்குகளின் பிரித் ஓதலோடு தொடங்கியது. முல்லைத்தீவு நீதிமன்றத்தின் கட்டளைகள் இருந்தும் அங்கே பௌத்தக் கட்டுமானம் வளர்ந்தது. அதற்கு முன்னர், 2019 செப்டெம்பரில், செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளாகத்தில் விகாரை அமைத்திருந்த பிக்கு இறந்தபோது, உடலை வேறிடத்தில் தகனம் செய்யுமாறு நீதிமன்றம் கட்டளையிட்டும், கோயில் தீர்த்தக்கேணியை ஒட்டியே சிதை மூட்டப்பட்டது. தட்டிக்கேட்ட சட்டத்தரணி தாக்கப்பட்டார். குருந்தூர்மலை வழக்கை விசாரித்த நீதிபதி ரி. சரவணராஜா, உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். வெடுக்குநாறிமலையில் 2024 சிவராத்திரி இரவில் வழிபடச் சென்றவர்கள் கைதுசெய்யப்பட்டனர்.

மாந்தைச் சந்தியையும் குருந்தூர்மலையையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாச் சமயத்திலும் தீவிரவாதிகள் இருக்கிறார்கள் என்று முடிப்பது நேர்மையாகாது. முன்னதில் இரு அயலவர் மோதினர். பின்னதில் ஒரு பக்கத்தில் படையும் திணைக்களமும் வரவுசெலவுத் திட்டமும் நிற்கின்றன. ஆனால் குருந்தூர்மலையிலும் தமிழ்ச் சைவர் எதிர்கொள்ளத் தயங்கும் ஓர் உண்மை உண்டு. வன்னியில் பௌத்த எச்சங்கள் கிடைப்பது கட்டுக்கதை இல்லை. தமிழரில் ஒரு பகுதியினர் ஒருகாலத்தில் பௌத்தராக இருந்தனர். மணிமேகலையைப் பாடிய மொழி இது. பௌத்தம் என்றால் சிங்களம் என்ற சமன்பாட்டைத் திணைக்களம் மட்டுமன்றி அதை எதிர்ப்பவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். செங்கல்லைக் கண்டதும் அது லிங்கத்தின் அடியென்று நிறுவ முற்படுவதைவிட, ஆம், இங்கே பௌத்தர் இருந்தனர், அவர்களில் எங்கள் முன்னோரும் அடங்குவர், அதனால் இன்று இங்கே வழிபடுகிறவரை விரட்ட உங்களுக்கு உரிமை வந்துவிடாது என்று சொல்வது வலுவான வாதமாக இருந்திருக்கும். தன் முன்னோர் வேறு சமயத்தவராக இருந்ததை ஒப்புக்கொள்ள முடியாத சமூகத்துக்கு அந்த வாதம் கிடைக்காமற்போகிறது.

அரசு இரு சிறுபான்மைகளை எப்படி எதிரெதிரே நிறுத்தும் என்பதற்கு இரணைதீவு சான்று. கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை, முஸ்லிம்களுடையவை உட்பட, கட்டாயமாக எரிக்கும் விதி 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. அந்த விதியை அரசு 2021 பெப்ரவரி இறுதியில் தளர்த்தியதும், அடக்கம் செய்வதற்கு மார்ச் 2 ஆம் திகதி பூநகரிக் கடலில் உள்ள இரணைதீவைத் தெரிவுசெய்தது. 1992 இல் கடற்படையால் வெளியேற்றப்பட்டு, 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே திரும்பிப் போன கத்தோலிக்கக் கடற்றொழிலாளரின் தீவு அது. மறுநாளே அவர்கள் குருமாரோடு வீதிக்கு வந்தனர். பல மாதங்களாக எரிக்கப்பட்ட சமூகத்தின் துயரத்துக்கு முன்னால், எங்கள் மண்ணில் புதைக்காதே என்ற சொல் கேட்கச் சங்கடமானதுதான். எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் பலர் அதை உணர்ந்தே, முஸ்லிம்கள் அடக்கம் செய்யும் உரிமையை நாங்கள் எதிர்க்கவில்லை, எங்களைக் கேட்காமல் எங்கள் தீவைத் தெரிவுசெய்ததையே எதிர்க்கிறோம் என்று விளக்கினர். எல்லோரும் அவ்வளவு நிதானமாகப் பேசவில்லை. தொற்றுப் பற்றிய அச்சமும் வெறுப்பும் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்தன. மார்ச் 5 ஆம் திகதி முஸ்லிம்கள் வாழும் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்.

சமூகங்களுக்குள் யார் பொறுப்பெடுப்பது என்பதும் சமயத்துக்குச் சமயம் வேறுபடுகிறது. இது பெரிதாகப் பேசப்படுவதில்லை. கத்தோலிக்கருக்கு ஆயர் இருக்கிறார். பங்குமக்கள் செய்ததற்கு வருந்த அவரால் முடியும், குருவை இடமாற்றவும் முடியும். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப்பின் சொல்லுக்குப் பிற சமயத்தவரிடமும் மதிப்பிருந்ததற்கு அவருடைய துணிவோடு அந்தப் பதவியின் கனமும் காரணம். சைவத்துக்கு அப்படி ஒரு தலைமை இல்லை. ஒவ்வொரு கோயிலும் அதன் பரிபாலன சபையோடு நின்றுவிடுகிறது. அந்தச் சபையே சில வேளைகளில் இரண்டாகப் பிரிந்து நீதிமன்றத்தில் நிற்கிறது. பள்ளிவாசலுக்கு நம்பிக்கையாளர் சபை உண்டு; மார்க்கத் தீர்ப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. ஆகவே சர்வமதக் கூட்டங்களில் நால்வர் வரிசையாக அமர்ந்து படம் எடுத்துக்கொண்டாலும், அவர்கள் கொடுக்கும் வாக்குறுதி அவரவர் ஊரில் யாரைக் கட்டுப்படுத்தும் என்பது தெளிவில்லை.

கட்டுப்படுத்தக்கூடிய உடன்பாடுகள் பெரும்பாலும் சமயப் பெயரில்லாத இடங்களில் ஏற்படுகின்றன. கட்டுக்கரைக் குளத்தின் நீரில் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் வயல் செய்கிறார்கள். காலபோகத்துக்கு முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகள் அமர்ந்து, விதைப்பு எப்போது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் நீர், கட்டாக்காலி மாடுகளுக்கு என்ன தண்டம் என்று தீர்மானிக்கிறார்கள். அங்கேயும் சத்தம் எழும், பக்கச்சார்பு இருக்கும், வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவன் எப்போதும் ஏமாந்ததாகவே சொல்வான். தீர்மானம் மட்டும் எழுத்தில் வருகிறது. மீறினால் யார் கேட்பது என்பதும் அதில் இருக்கிறது. வரவேற்பு வளைவுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடுகாட்டுக்கும் அத்தகைய எழுத்து வன்னியின் எந்தச் சந்தியிலும் இதுவரை வழக்கத்துக்கு வரவில்லை.